எழுத்தை எண்ணக் கற்ற நிரலகம்: ஓப்பன்-தமிழ் வளர்ந்த வழியும் அதற்கு ஆள் சேர்ந்த விதமும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலின் பெயரில் எத்தனை எழுத்து? தொடக்கப் பள்ளிப் பிள்ளை விரல் மடக்கி 6 என்று சொல்லிவிடும். பைத்தான் 3 மொழியிடம் கேட்டால் 12 என்கிறது. யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணிய பழைய பைத்தான் 2-க்கு அது 36. 1991-இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய அரசின் இஸ்கி முறையை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரவில்லை. ‘வே’ என்பது வகரமும் ஏகாரக் குறியும். ‘ங்’ என்பது ஙகரமும் புள்ளியும். திரையில் ஒன்றாகத் தெரிவது நினைவகத்தில் இரண்டாகக் கிடக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லை இயல்பான முறையில் திருப்பிப் போட்டால், புள்ளி முன்னே வந்து அநாதையாக நிற்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பைத்தான் நிரலகம், அதாவது லைப்ரரி, ஓப்பன்-தமிழ். அதன் வேர் எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை உருவாக்கிய அம்மொழி பற்றிய கட்டுரை 2009-இல் ஆர்க்கைவ் தளத்தில் வெளியானது. ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘முடி’ என்ற கட்டளைச் சொற்களால் சிறுவர்க்கு நிரல் கற்பிப்பது அதன் நோக்கம். எழிலைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர். ஆனால் நீடித்த பயனைத் தந்தது அதன் அருகில் முளைத்த இந்த நிரலகமே என்பது என் கணிப்பு. நிரல்மொழியை ஒருவர் விருப்பப்பட்டுத்தான் கற்க வேண்டும். எழுத்தைப் பிரிக்கும் தேவையோ தமிழ் உரையைத் தொடும் எவருக்கும் உண்டு. எழில் ஜிபிஎல் உரிமத்திலும் ஓப்பன்-தமிழ் எம்ஐடி உரிமத்திலும் வெளிவந்ததையும் கவனிக்கலாம். பின்னது, வணிக நிறுவனமும் தயங்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய உரிமம்.

இத்தகைய கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆள் எப்படிச் சேர்கிறது? பொதுவான எண்ணம் இது: பட்டியலில் எளிய வேலைகளைத் தொங்கவிட்டால் புதியவர் வந்து ஒவ்வொன்றாக முடிப்பார். அக்டோபர் மாதங்களில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்னும் இணைய நிகழ்வு அந்த நம்பிக்கையில்தான் இயங்குகிறது. ஓப்பன்-தமிழின் உள்ளடக்கத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கிறது. அதன் முக்கிய உறுப்புகள் வெளியே பிறந்து வந்து குடியேறியவை. வேர்ச்சொல் காணும் பகுதி, தாமோதரன் ராஜலிங்கம் ஸ்னோபால் முறையில் எழுதிய தனி நிரல். சந்திப்பிழை திருத்தி, கணியம் இதழ் வழியாக எளிய தமிழில் கணினி நூல்கள் எழுதிவரும் நித்யாவின் ஆக்கம். வந்தவர்கள் வேலை கேட்டு வரவில்லை. செய்து முடித்ததைக் கையில் கொண்டு வந்தார்கள்.

இவற்றுள் அருளாளன் எழுதிய குறியாக்க மாற்றி தனியே நின்று பார்க்கத் தக்கது. அது யூனிகோடாக மாற்றித் தரும் குறியாக்கங்களின் பெயர்ப்பட்டியலே ஒரு சிறு வரலாறு: தினமணி, முரசொலி, நக்கீரன், பழைய விகடன், பாமினி, வானவில், டிஸ்கி, டாம், டாப். இதழுக்கு ஓர் எழுத்துரு, அலுவலகத்துக்கு ஓர் எழுத்துரு என்றிருந்த காலம் அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் தரப்படுத்தப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட இம்முறைகளுக்கான அட்டவணைகளைத் தட்டச்சிட அலாதியான பொறுமை வேண்டும். அப்பொறுமையைப் பணி ஒதுக்கி எவரிடமும் வாங்க முடியாது. தன் கையிலுள்ள பழைய கோப்பு ஒன்றைத் திறக்க முடியாமல் தவித்தவருக்குத்தான் அது வரும்.

புதியவர்கள் உருவாகும் இடங்கள் வேறு. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் கிராமப்புற, சிறுநகர மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே சொல்லித் தருகின்றன. 2012-இல் தொடங்கிய கணியம் இதழும் அதே பணியைச் செய்கிறது. எனினும் அங்கே பயிலும் மாணவர் நிரலகத்தின் பக்கம் திரும்பாமல், இணையதளம் செய்யக் கற்றுக்கொண்டு வேலைக்குப் போகிறார். அது நியாயமும்கூட, நிரலகப் பராமரிப்புக்குச் சம்பளம் இல்லை.

குடியேற்ற முறைக்கு ஓர் எல்லை உண்டு. யாரும் முடித்துக்கொண்டு வராத பகுதி காலியாகவே கிடக்கும். சந்திப்பிழை திருத்தியிடம் ‘வேலை கொடுத்தான்’ என்ற தொடரைக் கொடுத்துப் பாருங்கள். பணி கொடுத்தான் என்றால் ஒற்று மிகாது. வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான் என்றால் இரண்டாம் வேற்றுமை விரி. ‘வேலைக் கொடுத்தான்’ என்று வல்லினம் மிகும். எழுத்தை மட்டும் பார்க்கும் விதிகளால் இரண்டையும் பிரிக்க இயலாது. சொல்லைப் பகுத்து, சூழலை அறிந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் தமிழாசிரியர்கள் ஊருக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்கள் தம் எடுத்துக்காட்டுகளைத் தாளில் எழுதித் தந்தாலே நிரலகத்துக்கு நல்ல சோதனைத் தொகுப்பாகும். ஆனால் அதை ஏற்கும் வாசல், கிட்ஹப் கணக்கும் ஆங்கிலத்தில் ஓர் இணைப்புக் கோரிக்கையும் கேட்கிறது.