உயர் அழுத்த மின்காயம்

1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் உடலில் பாய்வதால் உண்டாவது உயர் அழுத்த மின்காயம். தெருவோரம் போகும் 11,000 வோல்ட் கம்பியும், வயல்வெளியைத் தாண்டும் கோபுர லைன்களும் இந்தக் கணக்கில் வரும். நெருப்பு சுட்டால் புண் கண்ணுக்குத் தெரியும். இதில் விரல் நுனியில் கறுத்த ஒரு புள்ளியும், பாதத்தில் வெடித்த ஒரு துளையும் மட்டும் தெரியலாம். இடையிலுள்ள தசை உள்ளே வெந்துபோயிருக்கும்.

மின்னாக்கி தந்த மின்சாரத்துக்குப் பலியானவராகப் பதிவான முதல் மனிதர் ஒரு நாடகமேடைத் தச்சர். பிரான்ஸின் லியோன் நகரில் 1879-இல் 250 வோல்ட் தாக்கி அவர் இறந்தார். பத்தே ஆண்டுகளில் நகரங்களின் வானத்தைக் கம்பிகள் மூடிவிட்டன. 1889 அக்டோபரில் நியூயார்க்கில் லைன்மேன் ஒருவரின் உடல் கம்பிகளுக்கிடையே சிக்கித் தொங்கியதை நண்பகல் கூட்டம் அண்ணாந்து பார்த்து நின்றது.

சாவு எப்படி வருகிறது என்பது அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. 1899-இல் ஜெனீவா ஆய்வாளர்கள் பிரெவோவும் பட்டேலியும் நாய்களில் சோதித்து, மின்சாரம் இதயக் கீழறைகளைத் தாறுமாறாகத் துடிக்கவைத்து இரத்த ஓட்டத்தை நிறுத்துவதைக் காட்டினார்கள். அதைவிட வலுவான இன்னொரு அதிர்ச்சி அந்தத் துடிப்பைச் சீராக்கும் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. வியன்னா மருத்துவர் ஸ்டெஃபான் யெல்லினெக் விபத்து நடந்த இடங்களிலிருந்து சான்றுகளைத் திரட்டி, 1903-இல் மின்நோயியலுக்கென்றே ஒரு நூல் எழுதினார். ஷாக் அடித்தவர் செத்துவிட்டதாகத் தோன்றினாலும் செயற்கைச் சுவாசத்தைக் கைவிடக் கூடாது என்று அவர் விடாமல் வலியுறுத்தினார்.

அடுத்த பெரிய அடியை எடுத்துவைத்தவர் மருத்துவர் அல்ல, மின்பொறியாளர். லைன்மேன்களின் சாவு கண்டு கவலைப்பட்ட அமெரிக்க மின் நிறுவனங்களின் பண உதவியுடன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கௌவன்ஹோவன் ஆய்வில் இறங்கினார். 1950-களில் மார்பைப் பிளக்காமலேயே அதிர்ச்சி தரும் கருவியை அவர் குழு உருவாக்கியது. அதன் கனமான தகடுகளை நாயின் மார்பில் அழுத்தியபோதே இரத்த அழுத்தம் ஏறியதை மாணவர் நிக்கர்பாக்கர் கவனித்தார். அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்ததுதான் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் முதலுதவி. 1960-இல் வெளியான கட்டுரையின்படி, அப்படி முயன்ற 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தார்கள்.

1967-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 4,000 வோல்ட்டுக்கு மேல் தாக்கிய லைன்மேன், இடுப்புப் பட்டையில் தலைகீழாகத் தொங்கினார். சக தொழிலாளி கம்பத்தில் ஏறி, அந்த நிலையிலேயே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினார். அந்தக் காட்சியைப் புகைப்படக்காரர் ரோக்கோ மொராபிட்டோ எடுத்த படத்துக்கு 1968-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தொங்கியவர் பிழைத்துக்கொண்டார்.

உயிர் தப்பியவரைக் காப்பது வேறொரு போராட்டம். எலும்பு மின்சாரத்தை எளிதில் விடாது. அதனால் சூடேறி, ஒட்டியுள்ள ஆழமான தசைகளைக் கருக்குகிறது. வீங்கும் தசை தன்னை மூடிய உறைக்குள்ளேயே நெரிபட்டு, இரத்த ஓட்டம் நிற்கிறது. நாடி மங்கினால், விரல்கள் விறைத்தால், அறுவை மருத்துவர் அந்த உறையை நீளவாக்கில் கீறித் திறந்துவிடுகிறார். தாமதமானால் கையையே எடுக்க வேண்டிவரும். இறந்த தசையை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பார்த்துப் பார்த்து அகற்றுகிறார்கள்.

சிதைந்த தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் நசுங்கியவர்களிடம் இதே பாதிப்பை 1941-இல் மருத்துவர் பைவாட்டர்ஸ் விவரித்திருந்தார். தோல் எவ்வளவு வெந்தது என்று பார்த்து டிரிப் ஏற்றும் கணக்கு இங்கே பொய்த்துவிடும். பெரியவர்களுக்கு மணிக்கு 75 முதல் 100 மில்லி சிறுநீர் இறங்கும்வரை திரவம் செலுத்துவதே வழக்கமாயிற்று. கண்புரையும் நரம்புத் தளர்ச்சியும் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், வீடு திரும்பியவரும் தொடர்ந்து பரிசோதனைக்கு வர வேண்டும்.

1970-களில் வளர்ந்த நுண்ணறுவை, உடலின் வேறிடத்துத் தசையை இரத்தக் குழாயோடு எடுத்துத் தைத்து, வெட்டவேண்டிய பல கைகளைக் காத்தது. 1998-இல் 11,000 வோல்ட் தாக்கி இரு கைகளையும் இழந்த ஐஸ்லாந்து மின்பணியாளருக்கு 23 ஆண்டுகள் கழித்து, 2021 ஜனவரியில், தோளிலிருந்து இரு கைகளும் பொருத்தப்பட்டன. நடந்த ஊர், அந்தத் தச்சர் இறந்த அதே லியோன்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 2018 பிப்ரவரியில், சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனை இரு கைகளைப் பொருத்தியது. பெற்றுக்கொண்டவர் மின்விபத்தில் கைகளைப் பறிகொடுத்த திண்டுக்கல் மாவட்டத்துக் கட்டடத் தொழிலாளி. தந்தது மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம்.