நிறத்துக்கு எண் வந்த வரலாறு

எமது பாடசாலைத் தமிழ் மன்றத்துக்கு ஓர் இணையத்தளம் அமைக்கும் பொறுப்பை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஏற்றிருந்தான். தலைப்புக்குச் சிவப்பு நிறம் ஊட்டுவதற்காக அவன் எழுதியிருந்த குறியை நோக்கினேன். இரண்டு ஆங்கில எழுத்துக்கள். அவற்றின் பின் நான்கு சுழியங்கள். "இது எழுத்தா, எண்ணா?" என்று கேட்டேன். "எண்தான் சேர். சிவப்புக்கு அதுதான் எண். எப்போதும் அப்படித்தான்" என்றான்.

"எப்போதும் அப்படித்தான்" என்ற அந்தச் சொற்கள்தாம் என்னை உறுத்தின. மனிதர் கூடியும் முரண்பட்டும் ஆக்கிய ஒன்று, ஆக்கியவரின் கைரேகை அழிந்தபின், இயற்கையின் நியதி போலத் தோற்றங்கொள்ளுகின்றது. தமிழ் படிப்பிக்கும் ஒருவன் கணினி எண்ணின் வரலாற்றைத் தேடிப் புறப்பட்டமைக்கு அதுவே காரணம்.

எழுத்தை எண்ணாக வழங்குவது எமக்குப் புதியதன்று. பழைய தமிழ் எண்களில் ஒன்றின் வடிவம் ககரத்தையும் இரண்டின் வடிவம் உகரத்தையும் ஒத்திருக்கும். பதினாறும் புதியதன்று. அரை, கால், அரைக்கால், வீசம் எனப் பாதிபாதியாகப் பகுத்துச் செல்பவன் நான்காம் படியிற் பதினாறில் ஒன்றை அடைகின்றான். இறாத்தலுக்குப் பதினாறு அவுன்சு. இந்தியாவில் 1957 வரை ரூபாவுக்குப் பதினாறு அணா. பத்து, விரல்விட்டு எண்ணியவனின் கணக்கு; பதினாறு, தராசு பிடித்தவனின் கணக்கு. ஒரு பொருளைப் பத்துச் சம பங்காக்குவது கடினம். இரண்டாக்குவதற்கோ தட்டுக்கள் இரண்டும் நேராக நின்றாற் போதும்.

இதனையே முழுமையான எண்முறையாக்க முயன்றவர் உண்டு. சுவீடனிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய ஜோன் நைஸ்ட்ரோம் என்னும் பொறியியலாளர், நிறை, அளவு, நாணயம், மணிக்கூடு யாவற்றையும் பதினாறின் அடியில் அமைக்க வேண்டுமென 1862ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நூலொன்று வெளியிட்டார். பதினாறு எண்களுக்கும் புதுப் பெயர்களும் சூட்டினார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. அறிவுக்கு எவ்வளவு பொருத்தமானதாயினும், உழைப்பின் தேவையோடு ஒட்டாத திட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

அத்தேவை இருபதாம் நூற்றாண்டின் நடுவிற் பிறந்தது. மின்கணினி அறிந்தவை இரண்டே நிலைகள்: மின் உண்டு, மின் இல்லை. ஒன்றும் சுழியமுமான இந்தத் துவித எண்கள் பொறிக்கு உகந்தவை. மனிதக் கண்ணுக்கோ ஒவ்வாதவை. ஒன்றும் சுழியமுமாக நிறைந்த ஒரு பக்கத்தை இரவிலே சரிபார்க்கும் ஊழியனுக்கு எங்கே ஓர் ஒன்று தவறியது என்று கண்டுபிடிப்பது பெரும் வேதனை. எனவே துவித இலக்கங்களைக் கூறுகூறாகக் கட்டி, கட்டுக்கு ஒரு குறியிட்டு வாசித்தனர். மூன்று மூன்றாகக் கட்டினால் எட்டு நிலைகள்; அது எண்ம முறை. நான்கு நான்காகக் கட்டினாற் பதினாறு நிலைகள். அது பதினறும முறை. பொறிக்குப் பதினறுமம் தேவைப்படவேயில்லை. மனிதனின் களைப்பைக் குறைக்கவே அது வந்தது.

ஆனால் பதினாறு குறிகளுக்குப் பத்து இலக்கங்கள் போதா. மிகுதி ஆறுக்கும் எதை வைப்பது? இங்கேதான் என் மாணவனின் 'எப்போதும்' உடைகின்றது. இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1952இல் இயங்கத் தொடங்கிய 'இல்லியாக்' கணினி கே, எஸ், என், ஜே, எஃப், எல் என்னும் எழுத்துக்களைக் கொண்டது. 1956இல் வந்த பெண்டிக்ஸ் ஜி-15 ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி ஆறு எழுத்துக்களை எடுத்தது. அதே ஆண்டின் எல்.ஜி.பி.-30 எஃப், ஜி, ஜே, கே, கியூ, டபிள்யூ என்றது. ஒரு பொறியிற் பழகியவன் மற்றொன்றின் முன் எழுத்தறியாதவன் போலானான். பின்னர் 1964 ஏப்பிரலில் ஐ.பி.எம். கம்பனி 'சிஸ்டம்/360' என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தது. எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்த பைற்று அதன் அடிப்படை அலகு. எட்டை மூன்றாற் பிரித்தால் மிச்சம் வரும். நான்காற் பிரித்தால் இரண்டு குறிகள் கச்சிதமாக அமையும். பதினறுமம் அதனோடு வேரூன்றியது. ஏ முதல் எஃப் வரையான எழுத்துக்களும் அதனோடு நிலைபெற்றன. அவை மற்றவற்றிலும் கற்க எளியவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் எந்த எழுத்து வெல்ல வேண்டும் என்று அறிஞர் சபை கூடித் தீர்க்கவில்லை. பெருங் கம்பனியின் சந்தைப் பலமே பெரிதும் தீர்த்தது.

இனி நிறத்துக்கு வருவோம். மனிதக் கண் மூன்று வகை உணர்வுகளாலேயே எல்லா நிறங்களையும் அறிகின்றது என்ற கருத்தைத் தோமஸ் யங் 1802இல் முன்வைத்தார். 1861இல் இலண்டன் றோயல் நிறுவனத்தில் ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ச்சி, கோடிட்ட நாடாவொன்றின் நிறப்படத்தைத் திரையிற் காட்டினார். (அக்காலத்துப் புகைப்படத் தகடு செவ்வொளியை உணராது, நாடாவின் சிவப்புப் பகுதி தெறித்த புற ஊதாக் கதிரே அங்கு பதிந்தது என்பது நூறாண்டின் பின், 1961இல் விளக்கப்பட்டது. தவறான தகடு சரியான உண்மையை நிறுவிற்று!)

கொள்கை இருந்தாற் போதாது; அளவு வேண்டும். 1920களில் இங்கிலாந்தில் டபிள்யூ. டேவிட் றைற், ஜோன் கில்ட் என்னும் இருவர் தனித்தனியே அளந்தனர். பார்வை வட்டத்தின் ஒரு பாதியில் ஒரு தனி நிறம். மறுபாதியில் மூன்று ஒளிகளின் கலவை. இரு பாதிகளும் ஒன்றாகத் தோன்றும்வரை பார்ப்பவர் ஒளிகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். சில நீலப் பச்சைகளுக்கு எந்தக் கலவையும் ஈடாகவில்லை. மாதிரியின் பக்கத்திலேயே சிறிது சிவப்பைச் சேர்த்த பின்னரே சமன் வந்தது. றைற்றின் சோதனையிற் பத்துப் பேர், கில்ட்டின் சோதனையில் ஏழு பேர். இந்தப் பதினேழு பேரின் கண்களைக் கொண்டே சர்வதேச ஒளியூட்டல் ஆணைக்குழு 1931ஆம் ஆண்டு 'நியமப் பார்வையாளர்' ஒருவரை வகுத்தது. உலகின் நிற அளவைகள் பெரும்பாலும் இன்றும் அவரையே சாட்சிக்கு அழைக்கின்றன.

1996இல் ஹியூலெற் பக்கார்ட், மைக்ரோசொவ்ற் என்னும் இரு கம்பனிகள் முன்மொழிந்து, 1999இற் சர்வதேச நியமமான நிறவெளியும் அந்த அத்திவாரத்தில் எழுந்ததே. அக்காலத்துக் கண்ணாடிக் குழாய்த் திரைகள் காட்டவல்ல சிவப்பே அதன் சிவப்பு. எனவே என் மாணவன் எழுதிய எண் 'சிவப்பு' என்று சொல்லவில்லை. 'நாம் உடன்பட்ட சிவப்பு ஒளியை உச்சத்துக்கு ஏற்று' என்றே சொல்கின்றது. ஒவ்வோர் ஒளிக்கும் ஒரு பைற்று, அதாவது 0 முதல் 255 வரை. பதினறுமத்தில் இவ்விரண்டு குறிகள். மூன்றுக்கும் ஆறு குறிகள். கிடைக்கும் சேர்க்கைகள் 16,777,216. ஆயினும் அந்த நீலப் பச்சைகள் இத்தொகைக்குள் அடங்கா.

இந்த ஆறு குறி வழக்கு 'எக்ஸ் சாளரத் தொகுதி'யில் முன்பே இருந்தது. 1995இல் நெற்ஸ்கேப் உலாவி அதனை இணையப் பக்கங்களின் பின்னணி நிறத்துக்குக் கொண்டுவந்தது. எண்ணோடு பெயர்களும் வந்தன. எக்ஸ் தொகுதியின் பெயர்ப் பட்டியல் 1989இல் விரிந்தபோது, சுவர்ப்பூச்சு மாதிரி அட்டைகளும் பிள்ளைகளின் மெழுகு வண்ணக்கோல்களும் அதற்கு மூலமாயின. இணையத்தின் முதற் பதினாறு பெயர்களோ விண்டோஸின் நிறத் தொகுதியிலிருந்து வந்தவை. இரண்டையும் பின்னர் ஒன்றாக்கியபோது, 'சாம்பல்' என்பது 808080 ஆகவும், 'கடுஞ் சாம்பல்' அதைவிட வெளிறியதாகவும் நின்றுவிட்டன. இந்த முரண் இன்றுவரை திருத்தப்படவில்லை.

பெயர்களோடு உலகின் பழைய பார்வையும் உள்ளே வந்தது. நவாஹோ என்னும் பூர்வகுடி மக்களின் பெயர் ஒரு வெள்ளை நிறத்துக்கு இடப்பட்டிருக்கின்றது. அதன் எண் எஃப்-எஃப்-டி-ஈ-ஏ-டி. கடைசி நான்கும் சேர்ந்து ஆங்கிலத்தில் 'இறந்த' என்று பொருள்படுவது தற்செயலே. இருந்தும் வாசிக்கையில் மனம் திடுக்கிடுகின்றது. 'இந்தியச் சிவப்பு' என்ற பெயர் மண்ணிலிருந்து எடுத்த வர்ணப்பொடி ஒன்றைக் குறிப்பது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பூர்வகுடியினரின் தோல் நிறமெனக் கொள்வதாக ஆசிரியர்கள் முறையிட, அமெரிக்க வண்ணக்கோல் கம்பனியான கிறேயோலா 1999இல் அப்பெயரை மாற்றியது. இணைய நியமத்தில் அது அப்படியே இருக்கின்றது.

பிற்காலத்தில் அப்பட்டியலில் ஏறிய பெயர் ஒன்றையும் மாணவனுக்குச் சொன்னேன். 1990களின் திரைகள் பல 256 நிறங்களையே காட்டின. அவற்றில் எங்கும் மாறாமல் தோன்றும் 216 நிறங்களை வடிவமைப்பாளர் தெரிந்து பயன்படுத்தினர். 663399 அவற்றுள் ஒன்று, ஓர் ஊதா. நெடுங்காலம் அதற்குப் பெயர் இல்லை. இணையப் பக்கங்களின் வடிவமைப்பு மொழியைப் பலருக்கும் கற்பித்த எரிக் மேயரின் மகள், மூளைப் புற்றுநோயால், தனது ஆறாவது பிறந்தநாளான 2014 யூன் 7ஆம் திகதி இறந்தாள். ஊதா அவளுக்கு விருப்பமான நிறம். துறையினர் அந்த எண்ணுக்கு அவள் பெயரை இட முன்வந்தனர். வீட்டில் அவளை 'பெக்கா' என்று அழைத்தார்கள். 'பெக்கா' சிறு பிள்ளையின் பெயர், ஆறு வயதானதும் என்னை 'றெபெக்கா' என்றே அழைக்க வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஆறு வயதுப் பிள்ளையாக அவள் இருந்தது ஏறக்குறையப் பன்னிரண்டு மணித்தியாலம். ஆகவே முழுப் பெயரையே இடுமாறு தகப்பன் கேட்டார். நியமத்தில் அவ்வாறே எழுதப்பட்டது.