ஏரியும் கழியும் கற்பித்த கல்வி

பாகூரில் ஏறத்தாழ 1,100 ஆண்டுகட்கு முன்னரே ஒரு கல்லூரி இருந்தது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் செட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்களின் வருவாய் அக்கல்லூரிக்கு வழங்கப்பட்டதென்று, 1879-இல் கிடைத்த பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. நம் வட்டாரத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் யாவரும் அச்செப்பேட்டிலிருந்தே தொடங்குவர். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம். ஆயின் நம் வினா வேறு. அம்மூன்று ஊர்களிலும் ஏர் பிடித்தவர்களும், மடை திறந்தவர்களும், வரப்பில் நண்டு பிடித்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியவர்களும், மறை வல்லோர்க்கென அமைந்த அக்கல்லூரியில் பயின்றவர் அல்லர். அங்ஙனமாயின் அவர்களைக் கல்லாதவர் என்று கூறிவிடலாமா?

இவ்வினாவுக்கு விடை தேடச் செப்பேட்டினும் பழமையான ஒரு சான்று உண்டு. ஓய்மாநாடு என வழங்கிய திண்டிவனப் பகுதி நமக்கு வடக்கே அண்டை நாடு. அதனை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில், வழிநடைப் பாணர்க்கு ஊர்தோறும் விருந்து கிடைக்கிறது. கடற்கரைப் பட்டினத்தில் சுட்ட மீன். எயினர் ஊரில் புளிச்சோற்றோடு வேட்டையிறைச்சி. உழவர் ஊரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை. வலையும் வில்லும் வயலும் தந்த இம்மூன்று உணவும் அன்று புலவர் போற்றிய விருந்துகள். நண்டும் நத்தையும் தின்பவர் என்று பிற்காலத்தில் நம்மைப் பழித்தவர்கள் இந்நூலைப் படித்திருந்தால் சற்று நாணியிருப்பர்!

பூரணாங்குப்பத்தின் நில அமைப்பை இனி நோக்குவோம். செஞ்சியாறு எனப்படும் சங்கராபரணி, கடலை நெருங்குமிடத்தில் அரியாங்குப்பம் ஆறென்றும் சுண்ணாம்பாறென்றும் இரண்டாகப் பிரிகின்றது. சுண்ணாம்பாற்றின் கழிமுகத்திற்குத் தெற்கே அமைந்தது நம் ஊர். கிழக்கே கடல், வடக்கே உப்பங்கழி, சுற்றிலும் ஏரிப்பாசன வயல்கள். நன்னீர், உவர்நீர், கடல்நீர் ஆகிய மூன்றும் ஒரு நாழிகை நடைக்குள் அமைந்த நிலம் இது. கடலிற் கட்டுமரம் செலுத்துவது பட்டினவரின் தொழில். எலிவளை தோண்டுவதிலும் பாம்பு பிடிப்பதிலும் இருளரை விஞ்சியவர் இல்லை. ஏரி, வாய்க்கால், கழனி, கழி ஆகியவற்றைத் தம் கைபோல் அறிந்திருந்தோர் நம்மவர்.

அவ்வறிவு எத்தகையது? ஐப்பசியில் புதுவெள்ளம் வருங்கால், கெளுத்தியும் கெண்டையும் குறவையும் நீரோட்டத்தை எதிர்த்து வாய்க்கால்களில் ஏறும். அவை முட்டையிடச் செல்கின்றன என்பதை அறிந்தவன், பறியை எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்பதையும் அறிவான். விராலின் இயல்பு இன்னும் வியப்புக்குரியது. செந்நிறக் குஞ்சுகள் நீர்ப்பரப்பில் திரளாக மொய்க்கும்; அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். குஞ்சுத் திரளைக் கண்டால் அவ்விடத்தில் பெருவிரால் உண்டென்பது உறுதி. ஆனால் அக்காவல் விராலைப் பிடித்துவிட்டால், குஞ்சுகள் அனைத்தும் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு வேளைக் குழம்பா, அடுத்த ஆண்டின் ஏரி மீனா என்ற கணக்கு அங்கே எழுகின்றது. கழியிலோ கணக்கு நிலவைப் பொறுத்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஓதம் உயர்ந்து தாழும். இறாலும் மடவையும் நீரோடு ஏறி நீரோடு இறங்கும். இவை யாவும் பள்ளியில் உயிரியலென்றும் புவியியலென்றும் கற்பிக்கப்படுபவையே. நம் பாட்டிமார் இவற்றைச் சேற்றில் கைவிட்டுத் தடவிக் கற்றனர்.

பசியின்றி இக்கல்வி தோன்றவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. அறுவடை முடிந்து கூலி வேலை அற்றுப்போகும் கோடையில், வற்றும் ஏரியே ஏழையின் களஞ்சியம். கண்ணி வைத்து நீர்க்கோழி பிடித்ததும் அப்பசியினால்தான். அதனைப் பெருமையாகவோ இழிவாகவோ நாம் இங்கே எழுதவில்லை.

இனி, ஏரியைக் காத்தவர் யார்? நீர்கட்டி, நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறுபட்டாலும், தமிழகத்து ஏரிப்பாசனத்தில் மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டு, மழையிரவில் கரை உடையாமற் காவல் இருந்தவர் பெரும்பாலும் நம் மக்களே. கூலி களத்து மேட்டில் அளக்கப்பட்ட சில மரக்கால் நெல். நிலமற்றவன் கையில் நீர்ப்பங்கீட்டை ஒப்படைத்தால் தனக்கென்று ஒருதலைப்பட்சம் செய்யமாட்டான் என்பது நிலவுடைமையாளரின் கணக்கு. பிரெஞ்சு ஆட்சியில் புதுவை ஏரிகளைப் பராமரிக்க நிலமுடையோர் சங்கங்களும் பொதுநிதியும் இருந்தன. 1954-க்குப் பிறகு அவை மெல்ல மங்கின. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டு, புதுவைப் பகுதியின் 84 ஏரிகளுக்கும் மீண்டும் சங்கம் என்னும் பேச்சு எழுந்தது. சங்கம் எதுவாயினும், மதகருகே நின்றவனின் சொல்லுக்கு அதில் எவ்வளவு இடம் உண்டு என்பதே நமக்கு வேண்டிய கணக்கு. ஏரி மீன் ஏலத்திலும் இதே நிலைதான். கரையைக் காத்தவன் தூண்டில் போட்டால் அது திருட்டு. ஏலம் எடுத்தவன் சிறுகண் வலையால் குஞ்சு குருமான் வரை வாரிச் சென்றால் அது வணிகம். பல ஊர்களில் நம் பெரியோர் இக்கசப்பை விழுங்கியே வாழ்ந்தனர்.

சிற்றூர் மக்கள் ஒரு நீர்நிலையையும் அதன் உயிர்களையும் சேர்த்துக் காத்தமைக்கு வேடந்தாங்கல் தக்க சான்று. அவ்வேரியின் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் வாளாவிருக்கவில்லை; முறையிட்டனர். 1798-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசு, பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்து மூலம் அளித்தார். அரசு அவ்விடத்தைச் சரணாலயமாக ஏற்றது 1936-இல்தான். ஊரார் காத்தமைக்குக் காரணம் வெறும் இரக்கமன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பாயும் வயலுக்கு வேறு உரம் மிகுதியாக வேண்டியதில்லை என்பதை அவர்கள் கண்டிருந்தனர். வேளாண்மையும் பறவைக் காவலும் அங்கே ஒரே தொழிலாயின.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. சட்டம் வேண்டியதே, ஆயின் அதன் அடி முதலில் விழுந்தது பாம்புத் தோலை விற்றுப் பிழைத்த இருளர் மீதே. தோல் வாங்கி விற்றுப் பொருள் சேர்த்த வணிகர் வேறு தொழிலுக்கு மாறினர். இருளர்க்கோ அறிவு மட்டுமே எஞ்சிற்று. அவ்வறிவையே முதலாக்கி, 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ரோமுலசு விட்டேக்கர் அதற்குத் துணை நின்றார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடித்து, சில வாரம் வைத்து நஞ்செடுத்துப் பின் காட்டிலேயே விட்டுவிடுவர். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு இந்நஞ்சு பெரும் பங்கு ஆதாரமாயிற்று. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகி நாட்டு விலங்குகளை அழித்துவந்த மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவர்க்கும் பத்மசிறீ விருது கிடைத்தது. பள்ளிச் சான்றிதழ் கேட்காமல் ஓர் அறிவை அரசு மதித்த அரிய தருணம் அது. புதுவையில் இருளர் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டது 2016-இல்தான் என்பதையும் இளைஞர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நம் பகுதியிலும் காலம் மாறியுள்ளது. ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரியின் புதுவைப் பகுதி 2008-இலும், தமிழகப் பகுதி அதற்குப் பின்னரும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நம் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை இரவில் கரையேறி மணலில் முட்டையிடுகின்றது. அதன் தடத்தைப் பார்த்து முட்டைக் குழியைக் கண்டறியும் கண், முன்பு முட்டை எடுப்பதற்குப் பயன்பட்டது. இன்று முட்டைகளை நாய்க்கும் நரிக்கும் தப்புவித்துக் குஞ்சு பொரிக்கச் செய்வதற்கு அதே கண் தேவைப்படுகின்றது. ஏரிகளிலோ 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வயலுக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து நண்டையும் நத்தையையும் அருகச் செய்தது.

விரால், குறவை, அயிரை, ஆரால், உளுவை, கெளுத்தி ஆகியவற்றுள் எத்தனை இன்று நம் ஏரியில் உண்டு? ஏரி வற்றும் வரும் சித்திரை, வைகாசியில் இதனைக் கணக்கெடுக்கலாம். ஒவ்வொரு மதகின் பெயரும், அதிலிருந்து நீர் பாய்ந்த வயல்களும், அம்மதகைக் காத்த குடும்பமும் கணக்கில் சேரவேண்டும். மீனைக் கையாலே தடவி இனம் சொல்லும் மூத்தோர் இன்னும் நம் தெருவில் உள்ளனர். அவர்களோடு ஏட்டுடன் நடக்கச் சங்கத்தின் மாணவர் சிலர் முன்வந்தால் இவ்வாண்டே தொடங்கிவிடலாம்.