அப்பல்லோ 13: கேமரா திரும்பாத அறைகள்

விண்வெளிப் படம் ஓடும்போது என் பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. காத்தே இல்லாத இடத்துல வெடிச்சத்தம் எப்படிக் கேட்குது, இந்த ஆளு மட்டும் ஏன் மிதக்காம நடக்குறான்னு நொய்நொய்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். அறைத்தோழர்கள் பாப்கார்னைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவாங்க. அப்படிப்பட்ட என்னையே வாயை மூடிக்கிட்டுப் பார்க்க வச்ச படம், ரான் ஹோவர்ட் இயக்கி 1995-ல வந்த 'அப்பல்லோ 13'. படத்தோட விடாம, அப்போ நடந்த வானொலிப் பேச்சோட எழுத்துப் பிரதி, விசாரணை அறிக்கைன்னு தேடிப் படிச்சேன். படத்து மேல மரியாதை கூடுச்சு. கூடவே ஒரு மனத்தாங்கலும் வந்துச்சு. இந்தப் பதிவு அந்த மனத்தாங்கலைப் பத்தித்தான்.

தெரியாதவங்களுக்காகக் கதைச் சுருக்கம். 1970 ஏப்ரல் 11 அன்னிக்கு ஜிம் லவல், ஜாக் ஸ்வைகர்ட், ஃப்ரெட் ஹேய்ஸ் மூணு பேரும் நிலாவுக்குக் கிளம்பினாங்க. 13-ஆம் தேதி ராத்திரி (ஹூஸ்டன் நேரப்படி), பூமியில இருந்து சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கி.மீ. தூரத்துல, ஒரு ஆக்சிஜன் தொட்டி வெடிச்சது. மின்சாரம் தயாரிக்கவும் அந்த ஆக்சிஜன்தான் வேணும். அதனால அவங்க வந்த கமாண்ட் மாட்யூல் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டிருந்தது. நிலாவுல இறங்குறதுக்காகக் கொண்டுபோன லூனார் மாட்யூலுக்குள்ள மூணு பேரும் ஒண்டிக்கிட்டாங்க. அது ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் தாங்குற மாதிரி செஞ்ச வண்டி. அதுல மூணு பேர் கிட்டத்தட்ட நாலு நாள் தாக்குப்பிடிச்சு, 17-ஆம் தேதி பசிபிக் கடல்ல பத்திரமா வந்து விழுந்தாங்க.

படம் பண்ணின விதத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. எடையில்லாம மிதக்குறதைக் காட்ட, நாசாவோட கேசி-135 விமானத்துக்குள்ளயே செட் போட்டாங்க. அந்த விமானம் மேலேறிக் கவிழ்ந்து இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் 25 விநாடி போல எடை இருக்காது. 600 தடவைக்கு மேல அப்படிப் பறந்து, துண்டு துண்டா எடுத்து ஒட்டினாங்க. கட்டுப்பாட்டு அறை செட்டும் அச்சு அசல். ஆலோசகரா வந்த நாசாக்காரர் ஒருத்தர், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது பழக்கதோஷத்துல லிஃப்டைத் தேடினாராம். நிஜ அறை இருந்தது மூணாவது மாடியில!

வசனத்துல சின்னச் சின்ன மாற்றம் உண்டு. 'ஹூஸ்டன், வீ ஹேவ் எ ப்ராப்ளம்'னு படத்துல வரும். நிஜத்துல ஸ்வைகர்ட்டும், அப்புறம் லவலும் சொன்னது 'வீ'வ் ஹேட் எ ப்ராப்ளம்'. அதாவது 'ஒரு சிக்கல் வந்துச்சு'ன்னு இறந்தகாலம். 'ஃபெய்லியர் இஸ் நாட் ஆன் ஆப்ஷன்'னு ஜீன் கிரான்ஸ் கர்ஜிக்கிறதும் திரைக்கதை ஆசிரியர்கள் எழுதினதுதான். நல்லா இருக்கேன்னு கிரான்ஸே 2000-ல தன் சுயசரிதைக்கு அதைத் தலைப்பா வச்சுட்டார் :-) இதெல்லாம் எனக்கு உறுத்தலை.

உறுத்துறது வேற. படத்துல எல்லாமே அந்த நிமிஷத்துல, நாலஞ்சு ஆம்பளைங்க தலையில உதிக்குது. நிஜத்துல காப்பாத்தினது அதுக்கு ரொம்ப முன்னாடியே, யாரும் பார்க்காதப்போ செஞ்சு வச்ச வேலை.

கிரான்ஸையே எடுத்துக்குங்க. அந்தப் பயணத்துக்கு ஃப்ளைட் டைரக்டருங்க நாலு பேர். வெடிச்சப்போ பணியில இருந்தது கிரான்ஸ், சரி. ஆனா ஒரு மணி நேரம் கழிச்சு நாற்காலி க்ளின் லன்னி கைக்குப் போயிடுச்சு. கமாண்ட் மாட்யூல்ல சுமார் 15 நிமிஷத்துக்குத்தான் மின்சாரம் மிச்சம் இருக்குங்கிற நிலைமையில, லூனார் மாட்யூலை உயிர்ப்பிச்சு ஆளுங்களை அங்க மாத்தினது லன்னியோட ஷிஃப்ட்ல. படத்துல அவர் ஓரமா வந்துட்டுப் போவார், அவ்வளவுதான்.

அந்த மாத்துற வேலையும் திடீர் யோசனை இல்லை. ஒரு வருஷம் முன்னாடி அப்பல்லோ 10-க்கான ஒத்திகையில, பயிற்சி கொடுக்கிறவங்க கிட்டத்தட்ட இதே மாதிரி மின்சாரத்தைப் பிடுங்கிப் பார்த்தாங்க. லூனார் மாட்யூலை நேரத்துக்குள்ள எழுப்ப முடியலை. ஒத்திகையில மூணு பேரும் 'செத்துட்டாங்க'. 'இதெல்லாம் நிஜத்துல எங்கய்யா நடக்கப்போகுது'ன்னு பலரும் தள்ளிவிட்டாங்க. லூனார் மாட்யூல் ஆளுங்க மட்டும் விடலை. உட்கார்ந்து மாதக்கணக்கா அதுக்கான செய்முறைகளை எழுதி வச்சாங்க. 1970-ல தேவைப்பட்டப்போ அந்தக் காகிதம் கையில இருந்துச்சு. இந்த ஒத்திகையைப் பத்திப் படத்துல மூச்சே இல்லை.

அப்புறம் ஜான் ஆரன். படத்துல வர்றார், மின்சாரத்தைக் கஞ்சத்தனமா கணக்குப் பார்க்கிற ஆள். அவர் பேச்சுக்கு ஏன் எல்லாரும் அடங்கிப்போறாங்கன்னு படம் சொல்லாது. அஞ்சு மாசம் பின்னாடி போகணும். 1969 நவம்பர் 14, அப்பல்லோ 12 கிளம்பி 36 விநாடியில ராக்கெட் மேல இடி விழுந்துச்சு, 52-ஆவது விநாடியில இன்னொண்ணு. திரையில வந்த எண்கள் எல்லாம் குப்பை. 26 வயசு ஆரன் 'எஸ்.சி.இ. டு ஆக்ஸ்'னு ஒரு சுவிட்சைச் சொன்னார். ஃப்ளைட் டைரக்டருக்கும் புரியலை, கமாண்டருக்கும் புரியலை. உள்ள இருந்த ஆலன் பீனுக்கு அது எங்க இருக்குன்னு தெரியும். தட்டினார், எண்கள் திரும்பி வந்துச்சு, பயணம் பிழைச்சது. ஒரு வருஷம் முன்னாடி ஏதோ ஒரு சோதனையில இதே மாதிரி குழப்பமான எண்களைப் பார்த்து, ஏன் இப்படின்னு ஆரன் தானாவே போய்த் தோண்டியிருக்கார். யாரும் கேட்கலை. அவருக்குத் தூக்கம் வரலை, அவ்வளவுதான்.

அப்பல்லோ 13 திரும்பி வரும்போது, அணைச்சு வச்ச கமாண்ட் மாட்யூலை மிச்சமிருந்த பேட்டரியிலயே மறுபடி எழுப்பணும். படத்துல கென் மேட்டிங்லி ஒத்திகைக் கலத்துக்குள்ள உட்கார்ந்து விடிய விடிய கண்டுபிடிப்பார். மேட்டிங்லி உழைச்சது உண்மை. முடிவான பட்டியலை வானொலியில வரி வரியா ஸ்வைகர்ட்டுக்கு வாசிச்சதும் அவர்தான். ஆனா அதை எழுதினது ஆரன் தலைமையில ஒரு பெரிய கூட்டம். வழக்கமா மூணு மாசம் பிடிக்கிற வேலை, மூணு நாள்ல முடிஞ்சது. முன்னறையில ஒவ்வொரு மேசைக்கும் பின்னால வேற அறைகள்ல ஒரு குழு. அப்படி ஒரு அறையில பாப்பி நார்த்கட்னு ஒரு பெண் பொறியாளரும் இருந்தாங்க. பூமிக்குத் திரும்புற பாதையைக் கணக்குப் போடுற குழு அவங்களோடது. படத்துப் பெண்கள் வீட்டுல டிவி முன்னாடி அழுதுக்கிட்டிருப்பாங்க.

பின்னறைகளை மட்டும் புகழ்ந்துட்டுப் போனா அது பாதிக் கதை. தொட்டி வெடிச்சதே ஒரு பின்னறைக் கதைதான். தொட்டிக்குள்ள சூடேத்தியை நிறுத்துற தெர்மோஸ்டாட் சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செஞ்சது. 1965-ல, ஏவுதளத்துல 65 வோல்ட் கொடுப்போம்னு விவரக்குறிப்பை மாத்தினாங்க. சுவிட்சை மட்டும் மாத்தலை. தொட்டி செஞ்ச நிறுவனம், விண்கலம் செஞ்ச நிறுவனம், நாசா, மூணு இடத்துலயும் யார் கண்ணுலயும் படலை. 1970 மார்ச்ல ஒரு சோதனை முடிஞ்சு தொட்டி காலியாகாததால, சூடேத்தியை எட்டு மணி நேரம் ஓடவிட்டாங்க. சுவிட்ச் உருகி ஒட்டிக்கிச்சு. உள்ள வெப்பம் சுமார் 540 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போய், கம்பி மேல இருந்த டெஃப்லான் உறை பாழாயிடுச்சு. வெளியில இருந்த மானியோ 27 டிகிரிக்கு மேல காட்டவே காட்டாது. பார்த்தவருக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். ஏப்ரல் 13 அன்னிக்கு ஸ்வைகர்ட் தொட்டியைக் கலக்குற விசிறியைப் போட்டார். தீப்பொறி, தீ, வெடி. படத்துக் கடைசியில லவல் குரல்ல இதுக்கு ஒரு ரெண்டு வரி வரும்.

ஆக, விண்வெளிப் படத்துல நிஜம்னா என்ன? மிதக்குறது, செட், சுவிட்சு எல்லாம் காசு இருந்தா கொண்டுவந்துடலாம். ஒரு தாளைச் சரியா படிச்சதால மூணு பேர் பிழைச்சதையும், இன்னொரு தாளைச் சரியா படிக்காததால மூணு பேர் சாகப் பார்த்ததையும் படமாக்குறதுதான் கஷ்டம். தாள் படிக்கிற ஆளை ரெண்டு மணி நேரம் யார் பார்ப்பா? ரான் ஹோவர்ட் மேல கோவம் இல்லை. ஆனா ராக்கெட் கனவோட பொறியியல் படிக்க வர்ற பசங்க அந்தப் படத்தைப் பார்த்துட்டு, நெருக்கடி வந்தா மூளை தானா வேலை செய்யும்னு நம்பிட்டு வந்தா, அது ஆபத்து.

இறங்கின மறுநாள், 1970 ஏப்ரல் 18, அதிபர் நிக்சன் ஹூஸ்டனுக்கு வந்து ப்ரெசிடென்ஷியல் மெடல் ஆஃப் ஃப்ரீடம் விருதைக் கொடுத்தார். தரையில இருந்து நடத்தின அந்தக் குழு மொத்தத்துக்கும் சேர்த்து. அந்த ஒரு விஷயத்துல சினிமாவை விட அரசாங்கத்துக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சிருக்கு.

உங்க வேலையிலயும் இப்படி ஆளுங்க இருப்பாங்க. மருத்துவமனையோ, மின்வாரியமோ, வங்கி மென்பொருளோ, யாரும் கேட்காத கேள்வியைத் தானா தோண்டி வைக்கிறவங்க. அவங்களைப் பத்தி ஒரு பதிவு போடுங்க மக்களே. படமா எடுக்க யாரும் வரப்போறதில்லை, நாமளாவது எழுதி வைப்போம்.