ஆவூர் வேதக்காரர்

தென்தமிழ்நாட்டில் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவிய குடும்பத்தாரை "வேதக்காரர்" என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் அவர் வேதத்தில் சேர்ந்தார் என்பார்கள். அச்சத்தாலோ ஆசையாலோ பின்வாங்கினால் வேதத்தை விட்டார் என்பார்கள். பின்வாங்க மறுத்து உயிரையே கொடுத்தவரை வேதசாட்சி என்று வணங்குவார்கள். மறைநூலையும், அந்நூல் காட்டிய வாழ்க்கையையும், அவ்வாழ்க்கையை மேற்கொண்ட சமூகத்தையும் ஒரே சொல்லால் குறித்த அந்த மக்களிற் பெரும்பாலோர் அச்சிட்ட வேதபுஸ்தகம் ஒன்றைத் தம் கையால் தொட்டவர்கள் அல்லர். எழுத்து வாசனையும் அவர்களுள் மிகச் சிலருக்கே இருந்தது. அப்படியிருக்க, போரும் பஞ்சமும் ராஜகோபமும் மாறிமாறி வந்த இரு நூற்றாண்டுக் காலத்தில் அவர்கள் எந்த வேதத்துக்கு விசுவாசமாக நின்றார்கள், எவ்வாறு நின்றார்கள் என்ற கேள்வி, புதுக்கோட்டைச் சீமையின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஆவூரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் எழுவதுண்டு.

ஆவூர் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிற்றூர். பெரியநாயகி மாதாவின் பெயரால் விளங்கும் கோவிலை உடையது. அங்குள்ள பழைய கோவிலைப் பிரெஞ்சு தேசத்து இயேசு சபைத் துறவியான பூஷே சுவாமிகள் 1547-ஆம் ஆண்டில் கட்டினார் என்று வழிகாட்டி நூல்கள் பலவற்றில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பார்த்து எழுதியதால் நிலைபெற்றுவிட்ட பிழை இது. பூஷே பிறந்ததே 1655-ஆம் ஆண்டில்தான். சயாம் தேசத்துக்குப் போன பாதிரிமாருள் ஒருவராகிய அவர், 1688-இல் அங்கு ஏற்பட்ட அரசியற் புரட்சிக்குப் பின்னரே இந்திய மண்ணில் ஊழியம் தொடங்கினார். ஆகையால் ஆவூர்க் கோவிலின் தோற்றத்தைப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே வைப்பதே பொருந்தும். இதை வெறும் தேதித் தகராறாக நான் கருதவில்லை. 1547 என்று கொண்டால் ஆவூர் ஒரு பழம்பெருமையாக மட்டும் நின்றுவிடும். உண்மைக் காலத்தில் வைத்துப் பார்த்தாலோ, ஓரியூரிற் சிந்திய இரத்தம் உலர்வதற்குமுன் எழுந்த கோவில் அது என்பது விளங்கும்.

ஓரியூர் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்கெல்லைக்கு அப்பால், இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. லிஸ்பன் நகரில் 1647-இல் உயர்குடியிற் பிறந்து, அரண்மனைப் பழக்கத்தைத் துறந்து, காவியுடுத்த பண்டாரசுவாமியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் திரிந்த ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர், 1686-இலேயே மறவர் சீமையிற் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டுத் தப்பியவர். ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டும், அங்கே தங்கிவிட மனமின்றி 1690-இல் திரும்பி வந்தார். மறவர் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவினரான தடியத்தேவர் தீராத நோயுற்றுக் கிடந்தபோது, சுவாமியாரால் நேரிற் செல்ல முடியாமல் ஓர் உபதேசியார் அனுப்பப்பட்டார் என்றும், அவர் நோயாளியின் அருகே சுவிசேஷ வாசகத்தை ஓத, நோய் நீங்கிற்று என்றும் சபையின் பழைய வரலாறுகள் கூறுகின்றன. குணமடைந்த தடியத்தேவர் 1693 ஜனவரி 6-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். பெறுமுன், ஒருவனுக்கு ஒருத்தி என்னும் வேத விதியை ஏற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி கிழவன் சேதுபதிக்கு உடன்பிறந்தார் மகள். அந்தப் பெண்ணின் கண்ணீரையும் நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அவள் செய்த குற்றம் எதுவுமில்லை. ஆயினும் அந்தக் கண்ணீரே ராஜகோபமாக மூள, இரண்டே நாளில் அருளானந்தர் கைதாகி, சேதுபதியின் சகோதரர் உடையத்தேவரின் ஆளுகையிலிருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, பிப்ரவரி 4-ஆம் நாள் சாம்பற் புதன்கிழமையன்று சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்கு முந்திய நாள், எழுதுகோலும் மையும் கிடைக்காத சிறையில், கரியை நீரிற் குழைத்துத் தம் சபையாருக்குக் கடிதம் எழுதினார். இதே கிழவன் சேதுபதிதான் ரகுநாதத் தொண்டைமானின் தமக்கையோ தங்கையோ ஆகிய காத்தலி நாச்சியாரை மணந்து, மைத்துனருக்குப் புதுக்கோட்டைச் சீமையை அளித்தவர் என்பதை நினைத்தால், ஓரியூர்ச் செய்தி ஆவூர்ப் பக்கத்தில் எவ்வளவு கனமாக இறங்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

அத்தகைய காலத்தில்தான் பூஷே ஆவூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். அவருக்கு வந்த பெரிய சோதனை அரசனிடமிருந்து வரவில்லை. வேதத்தைக் கற்பிக்க நியமிக்கப்பட்டவர்களிடமிருந்தே வந்தது. ஒழுக்கக் கேட்டினால் விலக்கப்பட்ட உபதேசியார் மூவர், திருச்சியில் அதிகாரம் செலுத்திய தளவாய் நரசப்பையரிடம் பாதிரிமார்மீது பழி சுமத்தி முறையிட்டனர். ராணி மங்கம்மாளின் ஆட்சிக்காலம் அது. பூஷே ஒளிந்துகொள்ளவில்லை, நேரே திருச்சிக்குப் புறப்பட்டுத் தளவாயைக் கண்டு, தாம் கொண்டுசென்ற காணிக்கைகளை அவர்முன் வைத்தார். தேசங்களின் பெயரும் கடல்களின் பெயரும் தமிழில் எழுதப்பட்ட பூகோள உருண்டை ஒன்றும் அவற்றுள் இருந்தது என்று, அவருடன் ஊழியம் செய்த மார்த்தின் பாதிரியார் 1700-ஆம் ஆண்டில் எழுதிய நீண்ட கடிதம் தெரிவிக்கிறது. முறையீடு பலிக்கவில்லை; பூஷே மரியாதையோடு அனுப்பப்பட்டார். அந்தப் பூகோள உருண்டையைத் தளவாய் சபையில் சுற்றிச்சுற்றிப் பார்த்த காட்சி ரசமானதுதான். ஆனால் எனக்கு அந்த மூவரே அதிகமாக நினைவில் நிற்கிறார்கள். வேதத்தை வாயால் அறிந்தவன் எல்லோரிலும் எளிதாக அதைக் காட்டிக்கொடுக்கவும் கூடும் என்பதை ஆவூர் தன் குழந்தைப் பருவத்திலேயே கண்டுகொண்டது.

இதே கவலைதான், ஆவூரிலும் பணிபுரிந்தவராகச் சொல்லப்படும் வீரமாமுனிவரைப் பின்னாளில் வேதியர் ஒழுக்கம் என்னும் வசன நூலை எழுதத் தூண்டியிருக்க வேண்டும். தேம்பாவணியின் ஆசிரியர் என்றே தமிழுலகம் அவரைப் போற்றுகிறது, போற்றுவது நியாயமே. ஆயினும், பாதிரியார் ஆண்டுக்கொருமுறை வந்துபோகும் கிராமத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர், சாகக்கிடப்பவனுக்குச் செபம் சொல்லுபவர், ஞாயிற்றுக்கிழமையன்று கூடியவர்களுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பவர், வழக்கு வந்தால் சமாதானம் சொல்லுபவர் ஆகிய ஏழை உபதேசியார் ஒருவருக்காக உட்கார்ந்து, அவர் எப்படி நடக்கவேண்டும், எதைச் சிந்திக்கவேண்டும் என்று எளிய தமிழில் எழுதிய அந்த நூலே, முனிவரின் இதயத்தை நமக்கு அதிகம் காட்டுகிறது என்பது என் துணிபு. முனிவரின் காலத்தில், வேதியர் எனப்பட்ட அந்த உபதேசியாரே நடமாடும் வேதாகமம். அவர் நெஞ்சில் நின்றது ஊரில் நின்றது. அவர் மறந்தது ஊருக்கு மறந்தது.

அச்சேறிய வேதத்தின் கதை கிழக்கே, கடற்கரையில் நடந்தது. தரங்கம்பாடியில் 1706-இல் கரையிறங்கிய சீகன்பால்கு, டேனியத் தளபதியின் சினத்துக்கு ஆளாகி மாதக்கணக்கிற் கோட்டைச் சிறையில் இருந்தும், எடுத்த பணியை விடாமல் 1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார். அது 1714-15-இல் அங்கேயே அச்சாயிற்று. இந்த நூலின் பிரதி ஒன்று, தஞ்சை மன்னரின் படையிற் பணியாற்றிய ராஜநாயக்கன் என்னும் கத்தோலிக்கர் கையிற் கிடைத்தது. அதை வாசித்து, வாசித்ததை விட இயலாமல், உறவினரின் பகையையும் பொறுத்து, 1720-களின் இறுதியில் தரங்கம்பாடிச் சபையின் உபதேசியாராக அவர் மாறினார். வீரமாமுனிவர் அச்சபையை மறுத்து நூல்கள் எழுதினார். அவர்களும் பதில் எழுதினார்கள். அந்த வாதப் பிரதிவாதங்களின் வேகத்தை இன்று படித்தால் வருத்தமே மிகுகிறது. இரு திறத்தாரும் ஒரே வேதத்தின்பொருட்டே சிறையும் பசியும் அனுபவித்தவர்கள் என்பதை அவர்கள் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆவூரின் இருண்ட காலம் இனிமேல்தான் வந்தது. இப்போதுள்ள பெரிய கோவில் 1747-இல் கட்டப்பட்டது. வீரமாமுனிவர் காலமானதும் அதே ஆண்டில்தான். நான்கே ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையைச் சுற்றி யுத்தம் மூண்டது. 1751 முதல் 1754 வரையில் பிரெஞ்சுக்காரரும் சந்தா சாகிபும் மைசூராரும் மாறிமாறி முற்றுகையிட, ஆங்கிலேயர் பக்கம் நின்ற தொண்டைமான் தம் சீமையிலிருந்து தானியமும் கால்நடையும் அனுப்பிக் கோட்டையைக் காத்தார்; அந்தச் சீமைக்கும் அந்தக் கோட்டைக்கும் நடுவே கிடந்த கிராமங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. யுத்தம் ஓய்ந்தபின் விழுந்த அடி ஐரோப்பாவிலிருந்து வந்தது. போர்ச்சுகல் அரசு 1759-இல் இயேசு சபையாரைத் தன் நாட்டிலிருந்தும் தன் ஆட்சிக்குட்பட்ட இடங்களிலிருந்தும் வெளியேற்றிற்று. ஆவூர் அடங்கிய மதுரை மிஷனுக்கு வந்துகொண்டிருந்த பொருளுதவி நின்றது. 1773-இல் போப்பாண்டவர் பதினான்காம் கிளெமெந்து அந்தச் சபையையே கலைத்துவிட்டார். இருந்த முதிய துறவியர் ஒவ்வொருவராகக் கண்மூட, அவர்கள் இடத்துக்கு வர ஆளில்லை. கோவாவிலிருந்து வந்த குருக்கள் சிலர் இயன்றவரை உழைத்தார்கள். ஆனால் விசாலமான அந்த மிஷனுக்கு அவர்கள் தொகை எம்மாத்திரம்! இப்படி அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. தென்னாட்டில் முப்பது ஆண்டு உழைத்து 1823-இல் தாயகம் திரும்பிய துபுவா பாதிரியார், இந்த நாட்டில் கிறிஸ்தவத்துக்கு இனி எதிர்காலமே இல்லை என்று மனமுடைந்து எழுதிவிட்டார்.

அவர் கணக்குத் தவறிற்று. 1830-களின் இறுதியிற் பிரெஞ்சு தேசத்து இயேசு சபையார் நால்வர் மீண்டும் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தபோது, சண்டையும் கட்சியும் மலிந்திருந்த போதிலும், வேதக்காரர் இருந்தார்கள். பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரங்கள் இருந்தன. தபசுக்காலத்தில் இராகத்தோடு படிக்கும் பாடுகளின் வாசகங்கள் இருந்தன. இவ்வாசகங்களிற் புகழ்பெற்ற வியாகுலப் பிரசங்கம், ஒல்லாந்தர் ஆட்சியின் அடக்குமுறையால் கத்தோலிக்கர் மறைந்து வழிபட நேர்ந்த இலங்கையில், கோவாக் குருவான யாக்கோமே கொன்சால்வெஸ் இயற்றியது. குருவில்லாத கோவிலில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் கேட்டு அழுது மனப்பாடமாக்கிக்கொள்வதற்கு அதைப்போல் ஏற்ற நூல் வேறில்லை.

அழுதவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அழவில்லை என்பதையும் மறைக்கக்கூடாது. கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமும் சாதிக்கொரு வாசலும் இருந்த நெடுங்காலத்தை, யுத்தத்தின்மீதும் அரசர்மீதும் பழிபோட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. வாளுக்கு அஞ்சாத விசுவாசம் பந்திக்கு அஞ்சிற்று. இதை மனம் வருந்தாமல் எழுத முடியவில்லை.

தரங்கம்பாடியின் வழிவந்த லூத்தரன் சபையாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புதுக்கோட்டையில் வேரூன்றினார்கள். முதல் உலக யுத்தத்தின்போது ஜெர்மன் மிஷனரிமார் எதிரி நாட்டார் என்று நாட்டைவிட்டு அனுப்பப்பட, 1773-க்குப் பின் ஆவூர் பட்ட அநாதைநிலையின் ஒரு சிறு சாயல் அவர்களுக்கும் வாய்த்தது. சுவீடன் நாட்டார் துணைநின்றனர். 1919 ஜனவரி 14-ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை என்ற பெயரில் அச்சபை தன் காலில் நின்றது. அவர்கள் கையிலே அச்சிட்ட வேதபுஸ்தகம் இருந்தது. ஆவூரார் கையில் அதுவும் இருந்ததில்லை.

ஆவூரில் இன்றும் ஈஸ்டரையொட்டிப் பாஸ்கா நாடகம் நடக்கிறது. சித்திரை வெயில் தணிந்த இரவில், சுவிசேஷத்திலுள்ள பாடுகளின் வரலாறு ஊராரின் கண்முன்னே நிகழ்கிறது; அதைத் தொடர்ந்து தேர் புறப்படுகிறது. பார்க்க வருபவர்களும் வடம் பிடிக்கக் கூடுபவர்களும் வேதக்காரர் மட்டும் அல்லர்; சுற்றுவட்டாரத்துப் பிற சமயத்தாரும் திரண்டு வருகிறார்கள். ஓரியூருக்குச் செல்லும் யாத்திரிகரோ, 1947-இல் அர்ச்சியசிஷ்டராக உயர்த்தப்பட்ட அருளானந்தரின் இரத்தத்தாற் சிவந்தது என்று நம்பும் அந்தச் செம்மணலில் ஒரு பிடி முடிந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள்.