சன்னலும் ஜெண்டேலாவும்: ஓர் இலத்தீன் சொல்லின் இரு வழிகள்

தமிழ்ப்பள்ளி மாணவரின் கட்டுரை ஏடுகளில் 'ஜன்னல்' என்னும் சொல் அடிக்கப்பட்டு, 'சாளரம்' எனத் திருத்தப்படுவது கிள்ளான் பள்ளத்தாக்கில் அரிதன்று. அண்மையில் கண்ட ஓர் ஏட்டில், 'வடசொல்' என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பும் இருந்தது. 'ஜ' என்னும் கிரந்த எழுத்தே இம்மயக்கத்திற்குக் காரணமாகலாம். ஆனால், இச்சொல்லின் வேர் வடமொழியில் இல்லை, இலத்தீனில் உள்ளது.

இலத்தீனில் 'இயானுவா' என்பது வாயிற்கதவு. வாயில்களுக்குரிய இருமுகத் தெய்வமும் சனவரித் திங்களின் பெயருக்கு மூலமுமான 'இயானுஸ்' இதற்கு உறவு. இயானுவாவின் குறுமை வடிவமாக 'இயானுவெல்லா' என்பதை மொழியியலார் மீட்டமைத்துள்ளனர். பொருள், சிறு கதவு. அதுவே போர்த்துகீசியத்தில் 'ஜனெலா' ஆயிற்று.

இலத்தீனின் ஏனைய பெருமொழிகள் இவ்வழியே செல்லவில்லை. சன்னலைக் குறித்த பழைய இலத்தீன் சொல் 'ஃபெனெஸ்திரா'. பிரெஞ்சு, இத்தாலியம், ருமேனியம் ஆகியவை அதனையே சிற்சில ஒலிமாற்றத்தோடு காத்துக்கொண்டன. ஸ்பானியம், காற்றைக் குறிக்கும் 'வெந்துஸ்' என்பதிலிருந்து 'வெந்தானா' என ஆக்கிக்கொண்டது. போர்த்துகீசியத்தில் ஃபெனெஸ்திரா, 'ஃப்ரெஸ்தா' எனத் தேய்ந்து வெறும் இடுக்கைக் குறிக்கலாயிற்று. சிறு கதவு அதன் இடத்தைப் பிடித்தது. உடன்பிறப்பான கலீசியத்திலும் 'ஷனெலா' உண்டு. ஆகவே, நம் சொல் எவர் கப்பலில் வந்தது என்பதில் ஐயமில்லை.

அது இரு துறைகளில் இறங்கியது. முத்துக்குளித்துறையிலும் மலபாரிலும் போர்த்துகீசியர் கொண்ட தொடர்பால் தமிழ் 'ஜன்னல்' பெற்றது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியதும் அத்தொடர்பின் விளைவே. 1511 முதல் 1641 வரை அவர்கள் ஆண்ட மலாக்காவின் வழியே மலாய் 'ஜெண்டேலா' பெற்றது. 1886இல் தொடங்கிய கோலாலம்பூர் - கிள்ளான் இரயில்பாதையிலும் பின்னர்ப் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் உழைத்த தமிழர் தம் ஜன்னலோடு வந்தபோது, போர்த்துகீசியர் ஆளாத இப்பள்ளத்தாக்கில் அவ்விரு கிளைகளும் அண்டைவீடாயின.

ஆனால், அவற்றின் தகுதி ஒன்றன்று. மலேசிய மலாயில் அன்றாட வழக்கு 'திங்காப்'. ஜெண்டேலாவில் ஏட்டுமணம் உண்டு. 2020இல் அரசு அறிவித்த இலக்கவியல் இணைப்புத் திட்டத்தின் சுருக்கப்பெயரும் 'ஜெண்டேலா' என்றே அமைந்தது. தமிழிலோ நிலை தலைகீழ். வந்த சொல் வீட்டில் வழங்குகிறது. பழஞ்சொற்கள் ஏட்டில் தங்கிவிட்டன.

அப்பழஞ்சொற்களின் அழகை மறுப்பதற்கில்லை. சிலப்பதிகாரம் வழங்கும் 'காலதர்' காற்று வரும் வழி; ஸ்பானிய வெந்தானாவுக்கும் அதே கருத்தே அடிப்படை. 'பலகணி' கண்ணை நினைவூட்டுகிறது. ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நார்ஸ் சொல்லின் வழிவந்ததே. இவற்றை மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும். ஆனால் 'சாளரம்' நிலைமை சிக்கலானது. அதனை வலையைக் குறிக்கும் வடமொழி 'ஜால'த்தோடு இணைப்போர் உளர். அவர் கூற்று மெய்யாயின், வடசொல் அல்லாத ஒன்றை வடசொல் எனத் தள்ளி, வடசொல்லையே அவ்விடத்தில் அமர்த்தியவர்களாவோம்! 'சன்னல்' என எழுதினால் கிரந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

மேற்சொன்ன ஏட்டில், இரண்டு வரி தள்ளி 'மேசை', 'சாவி' என்னும் சொற்கள் இருந்தன. 'மென்சா', 'கிளாவிஸ்' என்னும் இலத்தீன் சொற்களிலிருந்து அதே போர்த்துகீசியர் வழியாக வந்தவை அவை. அவற்றில் 'ஜ' இல்லை. சிவப்பு மையும் படவில்லை.