கைத்தொலைபேசிப் பணிசெயல் முறைமைகளின் போட்டியும் மட்டக்களப்புத் தமிழும்

2007ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பிள் நிறுவனம் ஐபோனை அறிவித்தது. நவம்பரில் கூகிளின் தலைமையிலமைந்த கூட்டணி அண்ட்ரொயிட்டை அறிவித்தது. அதே ஆண்டின் முற்பகுதியிலேதான் படுவான்கரை மக்கள் எறிகணை வீச்சுக்கு அஞ்சி, வாவியைக் கடந்து எழுவான்கரைக்குப் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். இவற்றை ஒருங்குவைத்து நோக்குதல் விசித்திரமாகத் தோன்றலாம். ஆயின், இன்று வாவியின் இரு கரைகளிலும் திரையில் எழுதப்படும் தமிழின் கதியை அக்காலத்துக் கலிபோர்ணியப் போட்டியே பெரிதும் நிர்ணயித்தது என்பது எமது கருத்து.

பணிசெயல் முறைமையென்பது கருவியின் உறுப்புக்களையும் அதில் இயங்கும் செயலிகளையும் இணைத்து ஆளும் மென்பொருள். 1998இல் நொக்கியா, எரிக்சன், மோட்டரோலா முதலியன சேர்ந்து நிறுவிய சிம்பியனே ஒரு தசாப்தகாலம் இத்துறையில் முதன்மை பெற்றிருந்தது. (எம்மவர் கைகளில் அன்றிருந்த மலிவான நொக்கியாக்கள் சிம்பியனில் இயங்கியவையல்ல; அவற்றிலிருந்தது வேறோர் எளிய மென்பொருள். குறுஞ்செய்தித் தமிழ் பெரும்பாலும் உரோம எழுத்திலேயே எழுதப்பட்டது.) 2011 பெப்ரவரியில் நொக்கியா சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசொப்டின் முறைமையைத் தழுவியது. 2014இல் அதன் கைத்தொலைபேசிப் பிரிவே மைக்ரோசொப்டின் உடைமையாயிற்று. அம்முறைமையும் நிலைக்கவில்லை.

அண்ட்ரொயிட்டின் வெற்றியே ஆழ்ந்து நோக்கற்பாலது. அதன் கருவாயமைந்த லினக்ஸ், 1991இல் ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பல நாட்டவரின் கூட்டுழைப்பால் வளர்ந்த பொதுச்சொத்து. அதன்மீது கட்டப்பட்ட அண்ட்ரொயிட்டும் உற்பத்தியாளருக்கு இலவசமாகவே கிடைத்தது. ஆனால் செயலிக் கடை, நிலவரைபடம் முதலிய கூகிளின் சொந்தச் சேவைகள் உரிம ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை. இவ்வொப்பந்த நிபந்தனைகளுக்காகவே 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2019இல் அமெரிக்கத் தடையினால் ஹுவாவே நிறுவனம் கூகிளின் சேவைகளை இழந்தபோது, திறந்த அடித்தளம் மட்டும் அதன் கையில் எஞ்சியது. பொது உழைப்பின்மேல் தனியுடைமை எவ்வாறு வேலியடைக்கின்றது என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

2011இல் வெளிவந்த அண்ட்ரொயிட்டின் நான்காம் பதிப்பு, தேவநாகரி, வங்காள எழுத்துக்களோடு தமிழையும் முறையாகக் காட்டலாயிற்று. இந்தியச் சந்தையின் பருமனே இதற்கு வழிவகுத்தது எனக் கொள்வதில் தவறில்லை. மட்டக்களப்புக்குக் கிடைத்தது அதன் பக்க விளைவே. எனினும், கூத்துக் களரியில் அண்ணாவியாரின் பாட்டைப் பதிந்து, தமிழிலேயே குறிப்பெழுதி, கடல்கடந்த உறவினருக்கு அனுப்பும் இளைஞனுக்கு இது பெரும் பேறாகும். அதனை மறுப்பது வரட்டுவாதம்.

அண்ட்ரொயிட்டின் மூலநிரல் எவரும் பார்க்கக்கூடியது. அதில் ஆங்கிலத்துக்குப் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா, இந்தியா எனத் தனித்தனிச் சொற்கோவைகள் உள. தமிழுக்கு உள்ளது ஒன்றே. எமது பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்பதைத் தமிழகத்தார் 'இயக்க முறைமை' என்பர். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கம் நிகழ்ந்தபோது, காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் அப்பணியில் முன்னின்றார். இன்றைய சொற்கோவை எந்த அவையில், எவரால் முடிவுசெய்யப்படுகின்றது என்பதை எம் மாணவர் அறியார். அவர்களை எவரும் கேட்டதுமில்லை.